தறி நட்டும் காந்தக் கூடமும்

விசா கேட்டு எழுதிப் போட்டது என் மனைவி முத்துலட்சுமிக்காகத்தான். துணைக்கு இருக்கட்டும் என்று என் பெயரையும் சேர்த்தார்கள். துணைக்குப் போட்டவனுக்கு விசா வந்தது. போக வேண்டியவளுக்கு வரவில்லை. இப்படித்தான், ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணித் தறி ஓட்டுகிற நான், அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், மகளுடைய பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஜெர்மனிக்குப் போனேன்.

செய்தி தறிச் சத்தத்தையும் மீறிப் பரவியது. "ஏலே, பேறுகாலம் பாக்க ஆம்பள போறாம்லே!" என்று பக்கத்துத் தறி கணேசன் டீக்கடையில் எல்லோருக்கும் கேட்கச் சொன்னான். "கால நீட்டி உக்காந்து பிள்ளைக்குத் தண்ணி ஊத்துவியா? வேட்டியத் தூக்கிக் கட்டிக்கோ!" நாலு பேர் பார்த்தால் எனக்கு வாய் எழாது. டீயை வைத்துவிட்டு வந்துவிட்டேன். சாயங்காலம் அவனே வீட்டுக்கு வந்தான். மகனுடைய குளிர்க் கோட்டைத் திண்டுபோல் மடித்து என் கையில் வைத்துவிட்டுப் போனான்.

மகள் கோமதி அங்கே ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை செய்கிறாள். பிரசவத்தின்போது மாப்பிள்ளை கூட இருந்தார். லீவு முடிந்து பெங்களூருக்குத் திரும்பிவிட்டார். அந்த நேரம் பார்த்து கோமதிக்கு முறை வந்தது. அங்கே பெரிய காந்த மெஷின் ஒன்று இருக்கிறது. பல நாட்டுக்காரர்கள் அதற்கு வரிசையில் காத்திருக்கிறார்கள். ஆளுக்கு ஒரு வாரம் கொடுப்பார்கள். விட்டால் அடுத்த முறை வருவதற்குள் அவளுடைய வேலைக்காலமே முடிந்துவிடும். மூன்று வருஷமாகத் தேடிய விடை கிடைக்காமலே போகும். "அந்த ஒரு வாரம் பிள்ளையப் பாத்துக்கிட்டா போதும்ப்பா" என்றாள். அவள் அப்படிக் கேட்டுப் பழக்கமில்லாதவள்.

புறப்படுவதற்கு முந்தின நாள் ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். முத்துலட்சுமியின் தம்பி மாடசாமி அங்கே பால்கோவா அடுப்பில் நிற்கிறவன். வியர்வையைத் துடைத்துக்கொண்டு, சூடாக ஒரு டப்பா நிறையப் போட்டுக் கொடுத்தான். "அத்தான், அங்க உள்ளவியளுக்குக் குடுங்க. பொறவு ஊரு எங்கனன்னு அவியளே கேப்பாவ" என்றான்.

வீட்டில் முத்துலட்சுமி பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். என் தறியில் ஓடிய துணியையே இரண்டு அடுக்காக வைத்துத் தைத்து, பிள்ளைக்கு வாய் துடைக்கச் சில துண்டுகள் செய்திருந்தாள். ஒன்றின் மூலையில் ஏதோ கனத்தது.

"ஒங்க டூல்ஸ் பெட்டியில கிடந்த நட்டுதான். பாக்குவெட்டிய பிளேன்ல விடமாட்டாவளாம். பச்சப் பிள்ளைய வாசல் தாண்டித் தூக்கிட்டுப் போனா ஒரு இரும்பு கூட இருக்கணும். அவகிட்டச் சொல்லாதிய. படிச்ச பிள்ள, சிரிப்பா."

அந்தத் துண்டை நான் தனியாக வைத்துக்கொண்டேன்.

ஜெர்மனியில் இறங்கியதும் முதலில் போனது பால்கோவா. பால் பொருள் நாட்டுக்குள் வரக்கூடாதாம். அதிகாரி மரியாதையாகத்தான் சொன்னார். குப்பைத் தொட்டியில் போடுவதற்கு முன் டப்பாவைத் திறந்து ஒரு தடவை முகர்ந்து பார்த்தார். மாடசாமியிடம் இதை மட்டும் சொன்னால் போதும் என்று நினைத்துக்கொண்டேன்.

கைப்பிள்ளையோடு கோமதி விமான நிலையத்துக்கு வர முடியாது. எந்த ரயில், எங்கே இறங்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி, போனில் படமாக அனுப்பியிருந்தாள். சரியான ரயிலில்தான் ஏறினேன். ஆனால் அந்த ஊர் ரயில் பாதி வழியில் இரண்டாகப் பிரிந்து, முன்பாதி ஓர் ஊருக்கும் பின்பாதி வேறோர் ஊருக்கும் போகும் என்று எனக்கு எப்படித் தெரியும்? மதுரையில் ஏறினால் ராஜபாளையம் வரைக்கும் பஸ் ஒரே பஸ்தானே.

எதிரில் ஓர் அம்மா பின்னல் போட்டுக்கொண்டிருந்தார். ரயில் பிரிகிற ஊரில் நின்றதும், என் போனில் இருந்த தாளை எட்டிப் பார்த்தவர் சட்டென்று எழுந்தார். ஊசியையும் நூலையும் பைக்குள் திணித்தார். என் பெட்டியைத் தானே பிடித்து இழுத்துக்கொண்டு நடைமேடையில் ஓட ஆரம்பித்தார். நான் பின்னால் ஓடினேன். முன்பாதிப் பெட்டிக்குள் என்னைத் தள்ளிவிட்டு, திரும்பித் தன் பாதியைப் பிடிக்க ஓடினார். நன்றி சொல்ல அந்த ஊர் வார்த்தை ஒன்றைக் கோமதி சொல்லிக் கொடுத்திருந்தாள். அது நினைவுக்கு வந்தபோது கதவு மூடிவிட்டது. கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கும்பிட்டேன். அவர் நூல் உருண்டையைத் தூக்கி ஆட்டிக் காட்டினார்.

கோமதி மூன்றாவது மாடியில் இருந்தாள். இளைத்திருந்தாள். பிள்ளையை என் கையில் கொடுத்துவிட்டு, "பேசிக்கிட்டே இருங்கப்பா, செத்த நேரம் கண்ண மூடுறேன்" என்றாள். எனக்குப் பேச வராது என்று தெரிந்தும் சொன்னாள். பிள்ளையிடம் பேச வந்தது. தறியில் எந்த நம்பர் நூல் ஓடுகிறது, யார் லீவு, எல்லாம் சொன்னேன்.

கணேசன் சொன்னபடியே நடந்தது. வேட்டியைத் தூக்கிக் கட்டி, காலை நீட்டி உட்கார்ந்து பிள்ளைக்குத் தண்ணீர் ஊற்றினேன். போனில் முத்துலட்சுமி, "கழுத்தப் பிடிங்க, கழுத்த! தறிக்கட்டையா பிடிக்கிய?" என்று கத்திக்கொண்டே இருந்தாள்.

அங்கே ரொட்டி கல்போல இருக்கும். மேலே விதை விதையாக ஒட்டியிருக்கும். மென்றுகொண்டே இருந்தால் பிறகு ஒரு ருசி வருகிறது. உருளைக்கிழங்கை உருண்டை பிடித்து அவித்துத் தருகிறார்கள். அதற்கு நம் குழம்பு ஊற்றினால் நன்றாக இருக்கும். பால் கொடுக்கிற பெண்ணுக்கு அது போதாது என்று பூண்டுக் குழம்பு வைத்தேன். தாளித்த புகைக்குக் கூரையில் இருந்த மணி கத்தத் தொடங்கியது. கீழ்வீட்டுப் பெரியவர் ஏறி வந்து, ஒரு தட்டியால் வீசி அதை நிறுத்தினார். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அவர் அடுப்பைக் காட்டி ஏதோ கேட்டார். "இது எத்தனை மணிக்கு வெந்து முடியும் என்று கேட்கிறார்" என்று கோமதி சொன்னாள். ஒரு கிண்ணம் கொடுத்தனுப்பினோம்.

முறை தொடங்குவதற்கு முந்தின நாள், அவள் என்னதான் தேடுகிறாள் என்று கேட்டேன். இத்தனை வருஷத்தில் கேட்டதே இல்லை. கேட்டால் புரியாதோ என்ற கூச்சம்தான். அவள் என் தோளில் கிடந்த பிள்ளைத் துண்டை எடுத்தாள்.

"இத நேரா இழுங்கப்பா."

இழுத்தேன். நீளவில்லை.

"இப்பக் கோணமா."

நெகிழ்ந்து கொடுத்தது.

"நான் ஆராயுற கல்லும் இப்படித்தான். குளிர வச்சா அதுக்குள்ள இருக்க எலெக்ட்ரான் எல்லாம் ரெண்டு ரெண்டா ஜோடி சேந்துக்கிடும். பொறவு கரண்டு தடையே இல்லாம ஓடும். அந்தச் சேர்க்கை எந்தப் பக்கம் கெட்டி, எந்தப் பக்கம் லேசுன்னு கண்டுபிடிக்கணும். காந்தத்த வச்சு ஒவ்வொரு திசையா இழுத்துப் பாக்குறேன்."

"அம்புட்டுதானா?"

"அம்புட்டுதான்னா எப்பவோ முடிஞ்சிருக்கும்! இது ஒங்க துண்டு மாதிரி ரெண்டு அடுக்கு. ஒண்ணு கெட்டி, ஒண்ணு மெலிசு. லேசா இழுத்தா மெலிசு மட்டுந்தான் தெரியும். அத வச்சுக்கிட்டு, 'இந்தத் திசையில சேர்க்கையே இல்ல, ஓட்டை'ன்னு சில பேரு எழுதிட்டாவ. எனக்கு அது ஓட்டையா, மெலிவு மட்டுந்தானான்னு சந்தேகம். ஓட்டைன்னா இந்த ஜோடி ஒரு சாதி, மெலிவுன்னா வேற சாதி. பலமா இழுத்தாத்தான் தெரியும். அதுக்குத்தான் அந்தப் பெரிய காந்தம்."

"தெரிஞ்சா முடிஞ்சிருமா?"

"இல்ல. இழையில வலது முறுக்கு, இடது முறுக்கு உண்டுல்லா? தடிமன் ஒண்ணா இருந்தாலும் முறுக்கு வேற. இந்த ரெண்டு அடுக்கும் ஒரே முறுக்கா, எதிர் முறுக்கான்னு ஒரு கேள்வி பாக்கி. அது இந்த மெஷினுக்குத் தெரியாது. வேற வழியில பாக்கணும்." கொஞ்சம் நிறுத்திச் சொன்னாள். "இதுல வேடிக்கை என்னன்னா, இந்தக் கல்லுல இரும்பு இருக்கு. இரும்பு இருந்தா இப்படி ஜோடி சேராதுன்னுதான் ரொம்பக் காலம் எல்லாரும் நெனச்சிருந்தாவ."

இரும்பு என்றதும் துண்டின் மூலையை மெல்ல என் கைக்குள் மூடிக்கொண்டேன்.

மறுநாளிலிருந்து நானும் பிள்ளையும் தள்ளுவண்டியில் கூடத்துக்குப் போய்வந்தோம். வெளி அறையில் நாங்கள் இருப்போம். பிள்ளை அழுதால் கோமதி ஓடிவந்து பால் கொடுத்துவிட்டு உள்ளே ஓடுவாள். உள்ளே, பலூனில் அடைக்கிற வாயுவையே தண்ணீராக்கி ஊற்றிக் கல்லைக் குளிர வைத்திருக்கிறார்கள். மயிரிழை மயிரிழையாகத் திருப்பி, ஒவ்வொரு திருப்பலுக்கும் அது எவ்வளவு சூடு வாங்குகிறது என்று அளக்கிறார்கள். திருப்புகிறவளும் அளக்கிறவளும் தூங்காதவளும் என் மகள்.

கதவுக்கு முன்னால் தரையில் சிவப்புக் கோடு போட்டிருந்தார்கள். இரும்போடு அதைத் தாண்டக்கூடாது. பக்கத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி. காந்தம் பிடுங்கிக்கொண்ட சாமான்கள் அதில் இருந்தன. சாவி, கத்தரிக்கோல், வளைந்த ஸ்பானர். மெஷினைப் பார்த்துக்கொள்கிற யோஹன் என்பவர் வெள்ளைத் தாடிக்காரர். ஒவ்வொன்றும் யாருடையது என்று சிரித்துச் சிரித்துச் சைகையில் சொன்னார். பேச்சு வராத எனக்கு அவரோடு சுலபமாக இருந்தது.

வெளி அறையில் இன்னொரு பெண்ணும் இருந்தாள். எலிஃப், துருக்கிக்காரி. அடுத்த வாரம் அவளுடைய முறை. முன்கூட்டியே வந்து தன் கல்லை ஒட்டித் தயார் செய்துகொண்டிருந்தாள். பிள்ளை சிணுங்கினால் என்னைப் பார்ப்பாள், நான் தலையாட்டினால் தூக்கிக்கொள்வாள். ஊரில் அவளுக்கும் ஒரு பிள்ளை.

பாதி வாரம் நல்லபடியாகப் போனது. ஒருநாள் மத்தியானம் கோமதி கதவைத் திறந்தாள். முகம் வெளிச்சமாக இருந்தது. "அப்பா, உள்ள வந்து பாக்கியளா? யோஹன் கூட்டிட்டு வரச் சொல்லிட்டாரு. ஒரு நிமிஷந்தான்."

பிள்ளை எலிஃப் மடியில் தூங்கியது. வாட்ச்சைக் கழற்றினேன். சாவி, சில்லறை, பெல்ட் எல்லாம் தட்டில் போட்டேன். யோஹன் சட்டைப் பையைத் தட்டிக் காட்டினார், அதையும் உதறிக் காட்டினேன். தோளில் கிடந்த துண்டு யாருக்கும் கண்ணில் படவில்லை. எனக்கும்தான். தறிக்காரனுக்குத் தோள் துண்டு உடம்போடு சேர்ந்தது.

கோட்டைத் தாண்டி உள்ளே போனேன். ஆளுயரத்துக்கு மேல் ஒரு வெள்ளி நிறத் தொட்டி நின்றது. கிட்டே போகப் போக, தோளில் துண்டின் மூலை தானாக எழுந்தது. காற்று என்று நினைத்தேன். காற்றே இல்லாத இடம் அது. துண்டு நீண்டு தொட்டியைப் பார்த்து விரல் நீட்டுவதுபோல் நின்றது. பிடிப்பதற்குள் கையிலிருந்து உருவிக்கொண்டு பறந்து, டங்கென்று போய் ஒட்டியது.

யோஹன் என் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். கோமதி கம்ப்யூட்டரைப் பார்த்தாள். கோடு ஒன்று எழும்பித் துள்ளியிருந்தது. அவள் முகத்து வெளிச்சம் போய்விட்டது.

"அப்பா, அதுக்குள்ள என்ன?"

"நட்டு. ஒங்கம்மா தச்சு விட்டா. பிள்ளைக்குக் காவலுக்கு."

அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இடித்த அதிர்ச்சியில் கல் ஒரு மயிரிழை நகர்ந்திருந்தாலும், இதுவரை எடுத்ததும் இனி எடுப்பதும் ஒட்டாது. இல்லாத ஓட்டை இருப்பதுபோல் தெரியும். காந்தத்தை மெல்ல மெல்ல இறக்கி, நட்டை எடுத்து, கல்லைத் திரும்ப நேராக்கி, முதலிலிருந்து தொடங்க வேண்டும். மிச்சமுள்ள நாள் போதாது. இதையெல்லாம் அவள் யோஹனிடம் சொல்லிவிட்டு, பிறகு தலையைக் குனிந்துகொண்டு எனக்குத் தமிழில் சொன்னாள்.

வெளி அறைக்கு வந்து தள்ளுவண்டிப் பக்கம் நின்றேன். அடுத்த பிளேனில் ஊருக்குப் போய்விடலாம் போலிருந்தது. எலிஃப் என்ன நடந்தது என்று கேட்டாள். கோமதி சொல்லச் சொல்ல அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாளோ என்று பார்த்தேன். சிரிப்பு. பிள்ளையை வண்டியில் கிடத்திவிட்டுப் போய்த் தன் லாக்கரைத் திறந்து ஓர் ஊக்கை எடுத்து வந்தாள். அதில் கண் வரைந்த நீல மணி ஒன்று தொங்கியது.

"என் மகன் பிறந்தபோது, கண் படாமல் இருக்க என் அம்மா அவன் சட்டையில் குத்தியது இது. அவனைப் பிரிந்து வரும்போது என் பைக்கு மாற்றிவிட்டார். ஒவ்வொரு தடவையும் சிவப்புக் கோட்டுக்கு முன்னால் இதைக் கழற்றும்போது, ஒருநாள் மறந்துவிடுவேன் என்று பயப்படுவேன். எனக்கு முன்னால் உன் அப்பா மறந்துவிட்டார்." கோமதி இதை எனக்குச் சொல்லும்போது அவளுக்கும் பாதி சிரிப்பு, பாதி அழுகை.

பிறகு எலிஃப் வேலைக் குரலுக்கு மாறினாள். "என் வாரத்தில் முதல் இரண்டு நாளை நீ எடுத்துக்கொள். மிச்சத்தில் நான் முடித்துக்கொள்வேன்."

"உன் வேலை?"

"என் கல்லுக்கு அடுத்த வருஷமும் முறை உண்டு. உனக்கு இல்லையே."

யோஹன் மெஷின் கணக்கில் அதை மாற்றினார். காந்தம் இறங்கி முடிகிற வரைக்கும் கோமதி அங்கிருந்த பெஞ்சில் படுத்துத் தூங்கினாள். நான் வந்த பிறகு அவள் அப்படித் தூங்கி அன்றுதான் பார்த்தேன்.

இவர்களுக்கு நான் என்ன செய்வது? பேச்சும் வராது. கொண்டுவந்த பால்கோவாவும் குப்பைத் தொட்டிக்குப் போய்விட்டது. அடுத்த நாள் கடையில் பால் வாங்கி வந்து, ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போன் போட்டேன். மாடசாமி அடுப்படியில் நின்றபடியே படத்தில் வந்தான்.

"அத்தான், அது என்ன பாத்திரம்? குருவிக்குத் தண்ணி வைக்கவா?"

"இங்க இதுதான் இருக்கு."

"சரி சரி. கரண்டிய நிறுத்தாதிய. அடி பிடிச்சா ஜெர்மனியோட நம்ம ஊரு பேரு போச்சு. ஏன் இப்படி மெதுவா? தறி ஓடுற வேகத்துல கிண்டுங்க!"

ஒரு தோளில் பிள்ளை, ஒரு கையில் கரண்டி. முதல் தடவை அடி பிடித்தது. மாடசாமி தலையில் அடித்துக்கொண்டான். இரண்டாம் தடவை சர்க்கரை போடும் நேரத்தை அவன் அங்கிருந்தே கூவினான். நிறம் கொஞ்சம் வெளுப்பு, ஆனால் வாசனை அதேதான். புகை மணி கத்தவில்லை. கீழ்வீட்டுப் பெரியவர் மணி கத்தாமலே ஏறி வந்தார்.

எலிஃபும் யோஹனும் அதை ரொட்டியில் தடவித் தின்றார்கள். மாடசாமியிடம் இதைச் சொல்லவில்லை.

எலிஃப் கொடுத்த இரண்டு நாளும் முடிந்த சாயங்காலம் கோமதி வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் தரையில் உட்கார்ந்தாள். போனில் ஒரு கோட்டைக் காட்டினாள். அலைபோல ஏறி இறங்கியது. எல்லா இறக்கத்திலும் அடியில் கொஞ்சம் இடம் விட்டிருந்தது. ஓரிடத்திலும் தரையைத் தொடவில்லை.

"ஓட்டை இல்லப்பா. மெலிவுதான். ரெண்டு அடுக்குலயும் எல்லாத் திசையிலயும் ஜோடி இருக்கு."

"முறுக்கு?"

கேட்டதற்கு அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். "அது பாக்கி. ஆனா கேள்வி பாதியாக் குறைஞ்சிருச்சு. இத வச்சு வேலையும் நீட்டிச்சுக் கேக்கலாம்." பிள்ளையை வாங்கிக்கொண்டு என் தோளிலேயே சாய்ந்துவிட்டாள். தோளில் அன்று துண்டு இல்லை.

ஊருக்குத் திரும்பினேன். மதுரையிலிருந்து பஸ். ஸ்ரீவில்லிபுத்தூரில் கண்டக்டர், "ராஜபாளையம் போறவுக உள்ள தள்ளி நில்லுங்க!" என்று அதட்டினார். அதட்டலைக் கேட்க இவ்வளவு சுகமாக இருக்கும் என்று நினைத்ததில்லை. டீக்கடையில் குளிர்க் கோட்டைத் திருப்பிக் கொடுத்தபோது கணேசன், "பேறுகாலம் எப்படிலே?" என்றான். "நல்லபடியா முடிஞ்சிது" என்றேன். இந்தத் தடவை டீயைக் குடித்து முடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

முத்துலட்சுமி பெட்டியைப் பிரித்துத் துண்டுகளை எண்ணாமலே கண்டுபிடித்துவிட்டாள். "நட்டு வச்சுத் தச்சது எங்க?"

எல்லாவற்றையும் சொன்னேன். துண்டு பறந்தது, மகளின் முகம் மாறியது, எலிஃபின் ஊக்கு, இரண்டு நாள். நட்டை யோஹன் கண்ணாடிப் பெட்டியில் ஸ்பானருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார் என்றும் சொன்னேன். அவள் விருட்டென்று எழுந்தாள். கோபம் என்று நினைத்தேன். போய் என் டூல்ஸ் பெட்டியை உருட்டினாள். துருவில்லாத நட்டு ஒன்றைப் பொறுக்கி, புளி போட்டுத் தேய்த்துக் கழுவினாள். புதுத் துணியில் இரண்டு அடுக்காக வைத்து, மூலையில் அதைத் தைத்தாள்.

"அந்தத் துருக்கிப் பிள்ள ஊருக்குக் கோமதி மூலமா அனுப்பி விடணும். அவ மகனுக்கு."

மறுநாள் பார்சலைக் கட்டிவிட்டுக் கோமதிக்குப் போன் போட்டேன். துணிக்கு மேல் ஒட்ட ஒரு சீட்டு எழுத வேண்டும், எலிஃபுக்குப் புரிகிற மாதிரி இங்கிலீஷில் எழுதிப் படமாக அனுப்பு, நான் எழுத்தைப் பார்த்துப் பார்த்து எழுதிக்கொள்கிறேன் என்றேன்.

"என்னன்னுப்பா எழுதணும்?"

முத்துலட்சுமி போனைப் பிடுங்கினாள்.

"வாசல் தாண்டுறப்பக் கூடவே இருக்கணும்னு எழுது. செவப்புக் கோட்டத் தாண்டுறப்ப மட்டும் கழட்டி வச்சிரணும்னும் எழுது."